வலி போய்விட்டதென்று தலையாட்டிய பிள்ளைக்கு

கண்ணு,

நான் உனக்குக் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். நீ காலேஜ் ஹாஸ்டலில் இருந்தபோதுகூட உங்கம்மாதான் எழுதுவாள். கடைசியில் ‘அப்பா நலம்’ என்று ஒரு வரியை என் சார்பில் அவளே போட்டுவிடுவாள். எனக்கு எழுதத் தெரிந்ததெல்லாம் கிருஷி பவன் விவசாய ஆபீசுக்குக் கொடுக்கிற மனுக்கள்தான். முதல் போகத்துக்கு விதை வரவில்லை, வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை, பன்றி வந்து வயலைக் கிளறிவிட்டது, இப்படி. அதனால் நடுவில் எங்காவது ‘ஆகவே தாங்கள் தயவுகூர்ந்து’ என்று வந்துவிட்டால் சிரித்துவிட்டு மேலே படி.

போனிலேயே சொல்லிவிடலாம் என்றுதான் பார்த்தேன். நீ எடுத்து ‘சொல்லுங்கப்பா’ என்றதும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. அங்கே மழையா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன். இரண்டு மாதத்துக்கு முன்னால் அந்தச் சனிக்கிழமை, டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டு என்னைக் காரில் நல்லேப்பிள்ளிக்குக் கொண்டுவந்து விட்டாயே, உக்கடம் தாண்டியதிலிருந்து வேலந்தாவளம் செக்போஸ்ட் வரைக்கும் நாம் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. மாட்டுச்சந்தை நடக்கிற இடம் வந்தபோது நீ ரோட்டையே பார்த்து ஓட்டினாய். நான் மட்டும் திரும்பிப் பார்த்தேன். அன்றைக்கு அந்த வண்டிக்குள் சொல்லியிருக்க வேண்டியதைத்தான் இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். மருமகள் கவிதாவும் படிக்கட்டும். என் பேத்தி மிது எழுத்துக்கூட்டாமல் தமிழ் படிப்பாளே, அவளும் படிக்கட்டும். நம் வீட்டில் ஒளித்து வைத்தது போதும்.

முதலிலிருந்து சொன்னால்தான் எனக்குக் கோவையாக வரும். மிதுவுக்கு அடிக்கடி தலைவலி வருகிறது என்று கவிதா சொன்னபோது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒன்பது வயசுப் பிள்ளைக்கு என்ன தலைவலி, ஸ்கூலுக்குப் போக மனசில்லாத அன்று வருவதாக இருக்கும் என்று உங்கம்மாவிடம் சொன்னேன். “உங்களுக்குத் தலைன்னு ஒண்ணு இருந்திருந்தா வலிச்சிருக்கும், அப்பத் தெரிஞ்சிருக்கும்” என்றாள். காலாண்டு லீவுக்குப் பிள்ளை இங்கே வந்திருந்தபோது நானே பார்த்தேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் பாதியில் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு உள்ளறைக்குப் போனாள். சத்தமே இல்லை. போய்ப் பார்த்தால், சுவரைப் பார்த்துத் திரும்பி, முழங்காலை மடக்கிப் படுத்திருக்கிறாள். நான் சுவிட்சைப் போட்டதும், “லைட்ட அமத்திருங்க அப்பாரு” என்றாள், அவ்வளவுதான். ஒரு பிள்ளை அழாமல் வலியோடு கிடப்பதை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன் என்று நினைத்தேன். அது முதல் தடவை இல்லை என்பது எனக்கு அப்போது தெரியாது.

நீங்கள் இருவரும் செய்ததில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குழந்தை டாக்டரிடம் காட்டினீர்கள், ஸ்கேன் எடுத்துப் பயப்பட எதுவும் இல்லை என்று தெரிந்துகொண்டீர்கள், கண் டாக்டர் கண்ணாடி கொடுத்தார். அப்படியும் வாரத்துக்கு மூன்று நாள் வலித்தது. அதன் பிறகுதான் கவிதா அந்தக் கைரோபிராக்டிக் டாக்டரம்மாவைப் பற்றிக் கேள்விப்பட்டாள். அந்தப் பெயர் என் வாய்க்குள் நுழையவே நான்கு நாள் ஆனது. இன்னதென்று பார்க்கலாம் என்று போனில் தேடினால், ஒருவர் தலையை ஒருவர் பிடித்துப் படக்கென்று திருப்புகிற வீடியோவாக வந்து கொட்டியது. ‘அட, நம்ம சந்தையில சுளுக்கு எடுக்கறதுதான, ஏசி போட்டு எடுக்கறாங்க’ என்று உன்னிடம் சொன்னேன். நீ சிரிக்கவில்லை. “கொழந்தை டாக்டர்கிட்டயும் கேட்டுட்டேங்கப்பா. பாக்கறதுன்னாப் பாருங்க, கழுத்த மட்டும் முறுக்க உட்ராதீங்கன்னு சொன்னாரு” என்றாய். எனக்கு அதில் அனுபவம் இருக்கிறது, நானும் வருவேன் என்று பஸ் ஏறி வந்து சேர்ந்தேன்.

கண்ணு, அந்த அறையில் நான் பார்த்ததை இன்னும் யாரிடமும் முழுசாகச் சொல்ல முடியவில்லை. முக்கால் மணி நேரம் அந்த அம்மா பிள்ளையைத் தொடவே இல்லை. கேள்விதான். தூக்கத்திலிருந்து வலி எழுப்புமா, வாந்தி வருமா, எங்காவது விழுந்தாயா, பையை ஒரு தோளில் மாட்டுவாயா இரண்டு தோளிலுமா, தண்ணீர் பாட்டில் சாயங்காலம் திரும்பி வரும்போது காலியாக இருக்குமா அப்படியே இருக்குமா. எல்லாம் மிதுவைப் பார்த்து, மிதுவிடம். நான் நடுவில் புகுந்து, “அவ தண்ணியே குடிக்கறதில்லீங்க” என்றேன். “பாப்பாவே சொல்லட்டும்ங்கய்யா” என்று சிரித்துக்கொண்டே என்னை அடக்கிவிட்டார். உங்கம்மாவுக்குப் பிறகு என்னை அப்படி அடக்கியவர் அவர்தான்.

மேசைமேல் பிளாஸ்டிக்கில் ஒரு முதுகெலும்பு வைத்திருந்தார். அதை என் கையில் கொடுத்து எண்ணிப் பார்க்கச் சொன்னார். கழுத்துக்கு ஏழு எலும்பு. “ஒட்டகச்சிவிங்கிக்கும் ஏழுதாங்க அப்பாரு” என்றாள் மிது. நிஜமா என்று டாக்டரம்மாவைப் பார்த்தேன், நிஜம்தான் என்று தலையசைத்தார். அறுபத்தெட்டு வயசில் எனக்கு வாய் பிளந்துவிட்டது. நெல் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வரப்பில் ஓடியிருக்கிறேன். இந்த ஏழு சின்ன எலும்புமேல்தான் அதெல்லாம் நின்றது என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. அப்புறம் மிதுவை மல்லாக்கப் படுக்கவைத்து, பிடரிக்குக் கீழே இரண்டு கையையும் கொடுத்து, விரல் நுனியால் ஒரு இடத்தைத் தேடிப் பிடித்தார். பிடித்ததோடு சரி. அசையவில்லை. நான் அந்த ‘மளுக்’ சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். வரவில்லை. “எப்பங்க சொடக்கு எடுப்பீங்க?” என்று கேட்டேவிட்டேன். “பிள்ளைங்க கழுத்த நான் திருப்பறதே இல்லீங்கய்யா. கண்ண மூடிக்கிட்டு எமை மேல வெரல வெச்சா எவ்வளவு அமுத்துவீங்க, அவ்வளவுதான்” என்றார்.

நான் அங்கேயே கண்ணை மூடி, இமைமேல் விரலை வைத்துப் பார்த்தேன். இவ்வளவுதானா என்று உடம்பு சிலிர்த்துவிட்டது. கண்ணைத் திறந்தால் மிதுவின் புருவம் விரிந்திருக்கிறது, வாய் லேசாகத் திறந்திருக்கிறது, பிள்ளை தூங்கிப்போயிருக்கிறாள். நான் என் வாழ்நாளில் எதையும் தட்டி, முறுக்கி, இழுத்துத்தான் நேராக்கியிருக்கிறேன். மதகு, மோட்டார், மாடு, நீ. ஒரு விரல் சும்மா ஓரிடத்தில் இருந்து, அங்கே இருப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பதும் ஒரு வேலை என்று அன்றைக்குத்தான் கண்ணால் கண்டேன். கும்பிடலாம் போல இருந்தது. கிளம்பும்போது அந்த அம்மா மந்திரம் எதுவும் சொல்லவில்லை. “இதுல சில பிள்ளைங்களுக்குக் கொறையுதுங்க, சிலருக்குக் கொறையறதில்ல. கொறையலைன்னா நானே சொல்லீர்றேன். திடீர்னு வலி எச்சானாலோ, வாந்தி வந்தாலோ, எங்கிட்ட வராதீங்க, நேரா ஆசுபத்திரிக்குப் போயிருங்க” என்றார். மிதுவிடம் ஒரு நோட்டைக் கொடுத்தார். தினமும் சாயங்காலம் வலி இல்லாவிட்டால் சூரியன், கொஞ்சம் வலித்தால் மேகம், நிறைய வலித்தால் மழை வரைய வேண்டும். “இது உன் நோட்டு. அப்பா அம்மா கை இதுல படக்கூடாது” என்றார்.

அப்பா அம்மா கை படவில்லை. என் கைதான் பட்டது. தினமும் ஆறு மணிக்கு நான் போன் போட்டேன் இல்லையா? “என்ன கண்ணு, சரியாப் போச்சா? இன்னிக்குச் சூரியன்தான?” என்று கேட்பேன். “சூரியன்தானுங்க அப்பாரு” என்பாள். எனக்கு வந்த சிரிப்பையும் சந்தோஷத்தையும் நீ பார்த்திருக்க வேண்டும். பதினான்கு நாள், பதினான்கு சூரியன். நான் சும்மா இருப்பேனா? சாயாக்கடையில் உட்கார்ந்து, பிளாஸ்டிக் எலும்பு முதல் ஒட்டகச்சிவிங்கி வரை எல்லாம் விளக்கினேன். தொட்டாரு, வலி பறந்துபோச்சு என்றேன். டாக்டரம்மாவே சொல்லாததை நான் சொன்னேன். பக்கத்துத் தோட்டத்துக்காரர் தன் பேரனுக்கு விலாசம் கேட்டு எழுதிக்கொண்டார். அடுத்த சனிக்கிழமை நான் கஞ்சி போட்ட வேட்டி கட்டிக்கொண்டு கிளம்பி வந்தது எதற்கு என்று இப்போது தெரிகிறதா? வெற்றி விழாவுக்கு.

டாக்டரம்மா நோட்டைப் புரட்டிப் பார்த்தார். சந்தோஷம் என்றார். ஆனாலும் மூடவில்லை, மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தார். பிறகு பொதுவாகக் கேட்கிற மாதிரி, “குடும்பத்துல வேற யாருக்காச்சும் சின்ன வயசுல இப்படித் தலைவலி இருந்துச்சுங்களா?” என்றார். எனக்கு அது போதாதா? முப்பது வருஷமாக நான் சொல்லிவருகிற கதை ஆயிற்றே. நாற்காலியை விட்டு எழுந்து, கையால் திருப்பிக் காட்டிச் சொன்னேன்.

அந்தக் கதையை நான் சொல்லுகிற மாதிரி இல்லாமல், நடந்த மாதிரி இங்கே எழுதுகிறேன். உனக்குப் பத்து வயசு. வாரத்துக்கு இரண்டு தடவை தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாய். உன் ஸ்கூல் டீச்சர் ஒரு நாள் என்னை வழியில் நிறுத்தி, “குட்டிக்கு எப்போழும் தலவேதனயாணல்லோ, ஒரு டாக்டரெ காணிச்சூடே?” என்று கேட்டார். டாக்டரிடம் காட்டக்கூடாதா என்று ஒரு டீச்சர் கேட்டும் நான் காட்டவில்லை. அந்த வருஷம்தான் நம் மயிலைக் காளைக்கு நுகத்தடி இழுத்துக் கழுத்து ஒரு பக்கமாகப் போயிருந்தது. வேலந்தாவளம் சந்தையில் மாட்டுக்குச் சுளுக்கு எடுக்கிற ஒருவர் ஒரே திருப்பில் அதைச் சரிசெய்தார், மறுநாளே காளை வைக்கோலில் வாய் வைத்தது. மாட்டுக் கழுத்தையே நேராக்குகிற கைக்குப் பையன் கழுத்து எம்மாத்திரம் என்று எனக்குத் தோன்றியது. ஒரு கன்றை விற்கவேண்டி இருந்தது, அதை ஆளோடு முன்னால் அனுப்பிவிட்டு உன்னை மொபெட்டில் ஏற்றிக்கொண்டு போனேன்.

அந்த மனிதர் மாட்டேன் என்றார். இதை நான் எந்தச் சாயாக்கடையிலும் சொன்னதில்லை. “நான் மாட்டுக்குத்தானுங்க எடுப்பேன், பசங்களுக்கு எடுத்துப் பழக்கமில்லீங்க” என்று இரண்டு தடவை சொன்னார். நான்தான் விடவில்லை. சும்மா பாருங்க, ஒண்ணும் ஆகாது, நான் சொல்றேன் என்று அவரைத் தோளில் தட்டி உட்காரவைத்தேன். சுற்றிலும் தரகர்களும் மாடு வாங்க வந்தவர்களும் கூடிவிட்டார்கள். உன்னை ஒரு புல்லுக்கட்டுமேல் உட்காரவைத்து, அவர் ஒரு கையால் தாடையையும் ஒரு கையால் பின்மண்டையையும் பிடித்துத் திருப்பினார். அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. உன் முகத்தில் ரத்தமே இல்லை. “போச்சா கண்ணு?” என்றேன். “போச்சா?” என்று மறுபடி கேட்டேன். கூட்டம் உன்னையே பார்த்தது. மூன்றாவது தடவை கேட்டபோது தலையாட்டினாய். எல்லோரும் ஆஹா என்றார்கள். திரும்பி வரும்போது கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்தாய். சந்தையில் தின்ற போண்டா ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். அதற்குப் பிறகு ஊரில் நான்கு பிள்ளைகளையாவது என் பேச்சைக் கேட்டு அங்கே கூட்டிப்போனார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகாமல் போனதில் என் சாமர்த்தியம் எதுவும் இல்லை.

இதில் பாதியை விட்டுவிட்டு, மீதியை நடித்துக் காட்டி முடித்ததும், டாக்டரம்மாவின் முகம் மாறிப்போயிருந்தது. சுவரோரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்த நீ, “இல்லீங்கப்பா. எனக்கு அன்னிக்குப் போகலீங்க” என்றாய்.

“போகலையா? நீதான கண்ணு தலையாட்டுன?”

“ஆட்டுனேங்க. நீங்க கேக்கக் கேக்க அவரு கை மறுபடியும் தாடைக்கு வந்துச்சுங்க. இன்னொரு தடவ திருப்பீருவாரோன்னு ஆட்டுனேன்.”

“அப்பறமாச்சும் சொல்லியிருக்கலாமில்ல?”

நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பில் துளி கோபம்கூட இல்லை, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. “அதுக்குள்ள நீங்க ஊரு பூராச் சொல்லிட்டீங்களேங்கப்பா. அப்பறம் எப்படிங்க வலிக்குதுன்னு சொல்றது? ப்ளஸ் டூ முடியற வரைக்கும் வாரத்துக்கு ரெண்டு நாளு வரும். பழகிப்போச்சுங்க.”

எட்டு வருஷம், கண்ணு. ஒரே வீட்டில், ஒரே பாத்திரத்துச் சோற்றைத் தின்றுகொண்டு, எட்டு வருஷம் நீ தலைவலியை எனக்குத் தெரியாமல் வைத்திருந்தாய். அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே நான் பின்னால் போய் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மோட்டார் ரூமுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாய், நினைவிருக்கிறதா? உனக்குப் பதினான்கு வயசு இருக்கும். இருட்டில், தலையில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு. நான் பீடி பிடிக்கத்தான் ஒளிந்திருக்கிறாய் என்று முடிவுகட்டி, வாயை ஊது என்றேன். நீ ஊதினாய். ஒரு வாசனையும் இல்லை. அப்போதாவது எதற்கு இங்கே இருக்கிறாய் என்று கேட்டிருக்கலாம். ஈரத் துண்டைக் கண்ணால் பார்த்தேன், கேட்கவில்லை. மருந்தடிக்க ஆள் வரவில்லை, எழுந்து வா என்று இழுத்துக்கொண்டு போய் மத்தியான வெயிலில் வயலில் நிறுத்தினேன். கணக்கில் எழுபத்தெட்டு வாங்கிக்கொண்டு வந்தபோது, எண்பதுகூட வரலையா என்று கேட்டவனும் நான்தான். அந்த வலியை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை எழுபத்தெட்டு வாங்கியிருக்கிறான் என்பதை நினைத்தால் இன்றைக்கு எனக்கு மலைப்பாக இருக்கிறது. என்னால் முடிந்திருக்காது. எனக்குப் பல் வலித்தால் ஊரைக் கூட்டிவிடுவேன் என்று உனக்கே தெரியும்.

நான் இப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் மிது கட்டிலை விட்டு இறங்கி வந்தாள். டாக்டரம்மாவின் மேசையருகே போய் நின்று, “ரப்பர் இருக்குங்களா?” என்று கேட்டாள். நமக்கு யாருக்கும் எதற்கென்று புரியவில்லை. ரப்பரை வாங்கிக்கொண்டு, தன் நோட்டைத் திறந்து, சூரியனை அழிக்க ஆரம்பித்தாள். ஒன்றல்ல, ஆறு. ஒவ்வொன்றையும் அழித்துவிட்டு, விட்டத்தைப் பார்த்து யோசித்து, மேகமோ மழையோ வரைந்தாள். செவ்வாய்க்கிழமை மேகமா மழையா என்பதில் அவளுக்குச் சந்தேகம் வந்தது, விரலை மடக்கி என்னவோ கணக்குப் பார்த்து மழை போட்டாள். பொய்யைத் திருத்தும்போதும் அளவு தப்பக்கூடாது என்று அந்தப் பிள்ளைக்கு இருந்தது. டாக்டரம்மா மேசைமேல் விழுந்த ரப்பர் தூளை வாயால் ஊதிவிட்டார், அவ்வளவுதான்.

“எதுக்குக் கண்ணு சூரியன் போட்ட?” என்று நான்தான் கேட்டேன். என் வாய் சும்மா இருக்காதே. “நீங்க டெய்லியும் கேட்டீங்கல்லங்க அப்பாரு. சூரியன்னு சொன்னாச் சிரிச்சீங்க” என்றாள். உன்னை நான் பயத்தால் பொய் சொல்ல வைத்தேன், அவளை அன்பால் சொல்ல வைத்திருக்கிறேன். இரண்டு தடவையும் கேள்வி ஒன்றேதான், போச்சா, போச்சா. எனக்கு வேண்டியிருந்தது உங்கள் தலையில் வலி போவது இல்லை, என் மனசில் கவலை போவது. அது ஒரு குழந்தைக்குப் புரிந்துவிடுகிறது, கண்ணு. பெரியவனுக்குத்தான் அறுபத்தெட்டு வயசு ஆகவேண்டியிருக்கிறது.

நீ அவள் அப்பா என்பதால் ஒன்று சொல்கிறேன், இதை என் புத்திமதி என்று வைத்துக்கொள்ளாதே, என் குற்றத்திலிருந்து நீ எடுத்துக்கொள்ள வேண்டியது என்று வைத்துக்கொள். எந்த டாக்டரிடம் போனாலும், எந்தக் கை அவளைத் தொட்டாலும், வெளியே வந்ததும் குணமாகிவிட்டதா என்று கேட்காதே. அவள் நம் முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்வாள். உன் முகத்தில் என்ன வேண்டும் என்று எழுதியிருக்கிறதோ அதையே படித்துச் சொல்வாள். அந்த டாக்டரம்மாவைப் பார், நல்லதே நடந்திருந்தாலும் அதைத் தன் கணக்கில் எழுதிக்கொள்வதில்லை. திருத்திய நோட்டையும் பிறகு வந்த ஆறு வாரத்தையும் சேர்த்துப் பார்த்தபோது, “கொறஞ்சிருக்குங்க, வாரத்துக்கு மூணு நாளு ஒரு நாளாயிருக்கு. என்ற கையாலயா, கண்ணாடியாலயா, தண்ணி குடிக்கறதாலயா, பைய ரெண்டு தோள்லயும் மாட்டறதாலயான்னு என்னால பிரிச்சுச் சொல்ல முடியாதுங்க” என்றாரே, நான் அசந்துபோனேன். தெரியாது என்று சொல்லிவிட்டு ஒரு மனிதர் இவ்வளவு நிமிர்ந்து உட்கார முடியும் என்று எனக்குத் தெரியாது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் வீட்டுக்கு நானே நடந்துபோய், நான் சொன்னது முழுசும் நிஜமில்லை, முதலில் குழந்தை டாக்டரிடம் காட்டுங்கள், அப்புறம் மற்றதைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார். பார்க்கட்டும்.

இப்போதும் ஆறு மணிக்கு மிதுவுக்குப் போன் போடுகிறேன். சரியாப் போச்சா என்று கேட்பதில்லை. இன்னிக்கு வானம் எப்படி என்று மட்டும் கேட்கிறேன். நேற்று, “மழைங்க அப்பாரு. பெரிய மழை” என்றாள். எனக்கு வழக்கம்போல வாயில் நூறு வைத்தியம் வந்தது, கடித்துக்கொண்டேன். சரி கண்ணு, சொல்லு என்றேன். புருவத்துக்கு மேலே ஆரம்பித்து, காதுக்குப் பின்னால் வந்து, எழுத்தைப் பார்த்தால் துடிக்கிறது என்று மெதுவாக, ஒவ்வொன்றாகச் சொன்னாள். பத்து நிமிஷம். ம், ம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். உங்கம்மா வாசலுக்கு வந்து, யாருக்கு என்ன ஆச்சு என்று என் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டாள். ஒன்றுமில்லை, ஒரு பிள்ளை வலிக்கிறது என்று என்னிடம் நிஜத்தைச் சொல்கிறாள் என்றேன். இந்த வயசு வரைக்கும் எனக்கு அந்தப் பாக்கியம் வாய்த்ததில்லை, கண்ணு. அதற்குத் தகுதியாக நான் இருந்ததில்லை.

உன்னிடம் மன்னிப்புக் கேட்டால், “அட உடுங்கப்பா, பழசெல்லாம் எதுக்குங்க” என்பாய். அதுவும் எனக்காகச் சொல்கிற சூரியனாகத்தான் இருக்கும். அதனால் மன்னிப்பைக் கேட்கவில்லை. ப்ளஸ் டூ வரைக்கும் இருந்தது என்று சொன்னாய். அதற்குப் பிறகு என்ன என்று அந்த அறையில் யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. வரும் வழியில் செக்போஸ்ட்டில் வண்டி நின்றபோது நீ நெற்றியை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாய். அதைப் பார்த்துவிட்டும் பேசாமல் வந்தேன்.

உனக்கு இப்போதும் தலை வலிக்கிறதா, கண்ணு? வலித்தால் வலிக்கிறது என்று சொல். உன்னை எங்கேயும் கூட்டிக்கொண்டு போகமாட்டேன். யாரிடமும் சொல்லமாட்டேன்.

உன் அப்பா